அழுகை வரவில்லை என்று வந்தவள்

எனக்குப் பாட்டு வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பள்ளிக்கூடத்தில் காலைக்கூட்டப் பாட்டுக்குக்கூட, "நீங்க வாயை மட்டும் அசைங்க பிள்ள" என்று டீச்சர் கெஞ்சிக் கேட்டுக்கொண்ட ஆள் நான். அப்படிப்பட்ட என்னைத்தான் பதுளைப் பக்கத்து மனநலக் கிளினிக்குகளில் 'பாட்டுக்காரங்க மிஸ்' என்று அழைத்தார்கள். தவில்காரர், கீபோர்ட்காரர், கோயில் பஜனைக்காரர் என்று யார் வந்தாலும் என் மேசைக்கே அனுப்பிவிடுவார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் ஓய்வு பெறவில்லை.

போன வாரம் தர்ஷினி ஃபோன் செய்தாள். நான் விட்டுவந்த இடத்தில் இப்போது இருக்கும் தாதி அவள்.

"மிஸ், பண்டாரவளைப் பக்கமிருந்து ஒருத்தர் வந்திருக்காரு. மியூசிக் குரூப்ல கிட்டார் வாசிக்கிறவரு. மாத்திரை குடிச்சா மெட்டு வர மாட்டேங்குதாம். வேதனை இருந்தாத்தான் கலை வருமாம்."

"அவருக்கு இப்ப என்ன வேதனை?"

"இப்போதைக்கு நான்தான்னு சொல்றாரு."

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "இதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு எழுதியாவது குடுங்க மிஸ்" என்றாள். பதில் எனக்கும் தெரியாது. தெரிந்ததெல்லாம் நான் பார்த்த சில மனிதர்கள்தான். அவர்களைப் பற்றி எழுதுகிறேன், பதிலை அவளே தேடிக்கொள்ளட்டும்.

வாப்பாவுக்குப் பதுளைக் கடைவீதியில் சேலைக்கடை. பள்ளிக்கூடம் விட்டதும் நான் கடையில்தான் இருப்பேன். கேட்டு வருகிற சேலை ஒன்று, மனதில் இருக்கிற சேலை இன்னொன்று, பேச்சுக் கொடுத்துத்தான் அதை வெளியே எடுக்க வேண்டும் என்பார் வாப்பா. தாதிப் படிப்பு, கொழும்பில் மனநல வார்டில் பயிற்சி, ஊருக்கு மாற்றம் என்று வருடங்கள் ஓடின. பயிற்சியில் தடித்த புத்தகங்களில் படித்ததும் ஏறக்குறைய இதைத்தான். கடையில் சேலை, கிளினிக்கில் தலைவலி. இரண்டும் முதல் பேச்சில் உண்மையாக இராது.

எங்கள் பெரிய டாக்டரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. சிங்களவர். தமிழை எந்த வகுப்பிலும் படிக்கவில்லை, தேயிலைத் தோட்டத்து நோயாளிகளிடமிருந்து பிடித்துக்கொண்டார். அதனால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் நோய்த் தமிழ். நெஞ்சு படபடப்பு, கிறுகிறுப்பு, மனசு சரியில்லை எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் கல்யாண வீட்டில் யாராவது தமிழில் பேச்சுக் கொடுத்தால் திருதிருவென்று விழிப்பார். சந்தோஷத்துக்கு ஒரு சொல்கூட அவரிடம் கிடையாது. சந்தோஷமாக இருக்கிறேன் என்று சொல்ல யார் அவரிடம் வந்தார்கள்?

எல்லோரிடமும் அவர் கேட்பது மூன்றே கேள்விகள். "என்னா தாயி, நல்லா தூங்குறீங்களா? சாப்புடுறீங்களா? வேலைக்குப் போறீங்களா?" ஆண்களுக்கும் தாயிதான். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். எதிரே இருப்பவர் பேசும்வரை அந்தக் கண்ணாடி சுத்தமாகாது. அழுத்தக்காரர்கள் வந்த நாட்களில் கண்ணாடி தேய்ந்துவிடும் என்று நாங்கள் பயந்திருக்கிறோம்.

மாதத்தில் ஒரு நாள் பசறைக்கு மேலே உள்ள தோட்டங்களுக்கு வேனில் போவோம். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்கிற பிள்ளைக் காம்பராவில்தான் கிளினிக். ஒரு பக்கம் ஏணைகளில் குழந்தைகள் தூங்கும், இன்னொரு பக்கம் தூக்கம் வரவில்லை என்று பெரியவர்கள் வரிசையில் நிற்பார்கள். நிறை பார்க்க வேண்டும், மாத்திரையின் வெற்று அட்டைகளை வாங்கிப் பார்க்க வேண்டும், மிச்சம் இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். கோழி தின்றுவிட்டது என்பது அங்கே அடிக்கடி கிடைக்கும் பதில். அந்தத் தோட்டத்துக் கோழிகள் எல்லாம் மன அமைதியோடு வாழ்ந்திருக்க வேண்டும்.

என்னைத் தேடி வந்த முதல் பாட்டுக்காரர் ஒரு தவில் வித்துவான். பசறை ரோட்டு வளைவு ஒன்றில் அவர் வந்த பஸ்ஸின் பின்சக்கரம் விளிம்பைத் தாண்டி நின்றது. ஒருவருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் அதன் பிறகு தாலி கட்டும் நேரத்தில் யாராவது விரலை ஆட்டி "கெட்டிமேளம்!" என்றால் அவருக்குக் கை விறைத்துவிடும். பெரிய டாக்டர் சொன்னபடி பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினோம். முதலில் நான் மெதுவாக விரலை ஆட்டுவேன், அவர் மேசையில் தட்டுவார். பிறகு விரலும் குரலும். கடைசியில் நான் அடித்தொண்டையில் கத்த, அவர் மேசை உடைகிற மாதிரி அடிக்க, வெளியே காத்திருந்தவர்கள் ஏதோ கல்யாணம் என்று எட்டிப் பார்த்தார்கள். அவர் தேறிவிட்டார். ஆனால் அடி பழைய அடி இல்லை, கொஞ்சம் நிதானமாகிவிட்டது. முன்பு காது கிழியும், இப்போதுதான் கேட்கச் சுகமாக இருக்கிறது என்று ஊரார் சொன்னார்களாம். அவருக்கு அதில் இன்றுவரை வருத்தம்.

அடுத்தவன் ஒரு கீபோர்ட் பையன். மனம் எல்லை மீறி உற்சாகத்தில் பறக்கிற நோய் அவனுக்கு. அந்த நாட்களில் தூங்காமல் மெட்டுப் போட்டு ஃபோன் நிறையச் சேர்த்து வைத்திருந்தான். உலகமே தன் வாசலில் வந்து நிற்கும் என்றான். மருந்தில் தணிந்த பிறகு அதையெல்லாம் என் முன்னால் போட்டுக் கேட்டான். கேட்கக் கேட்க முகம் சுருங்கியது. "மிஸ், இத யாரு போட்டா?" என்றான். அழிக்கப் போனவனைப் பெரிய டாக்டர்தான் தடுத்தார். அந்தக் குப்பைக்குள் ஒரு துண்டு மெட்டு, எனக்கே நன்றாக இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், உண்மையிலேயே நன்றாக இருந்தது. பிறகு நிதானமாக உட்கார்ந்து அதை ஒரு முழுப் பாட்டாக்கினான். வெலிமடைப் பக்கத்துக் கல்யாணங்களில் இன்றும் அதை வாசிக்கிறான். நோய் துண்டைத்தான் கொடுத்தது, பாட்டைக் கொடுக்கவில்லை. தர்ஷினிக்கு இது உதவலாம்.

இனிப் பாக்கியம். அது அவளுடைய சொந்தப் பெயரல்ல. எழுதலாமா என்று கேட்டபோது, "பேர மாத்திப் போடுங்க மிஸ், பாட்ட மாத்திறாதீங்க" என்று சொல்லித்தான் அனுமதி கொடுத்தாள்.

பாக்கியம் தேயிலைக் கொழுந்து எடுப்பவள். ஆனால் தோட்டத்தில் அவள் பெயர் நின்றது ஒப்பாரியில். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒரு சாவு என்றால் பெண்கள் உடலைச் சுற்றி உட்காருவார்கள், ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். எடுத்துக் கொடுப்பவள் பாக்கியம்தான். செத்தவர் யார், என்ன விரும்பிச் சாப்பிட்டார், யாரோடு சண்டை போட்டார் என்பதெல்லாம் அந்த இடத்திலேயே பாட்டாகி வரும். எனக்கு இது புதிது. எங்கள் முஸ்லிம் சாவு வீடுகளில், மையத்து வீடு என்போம், யாராவது குரலை உயர்த்தினால் உம்மா கண்ணாலேயே அடக்கிவிடுவார். அதனாலோ என்னவோ, பாக்கியத்தின் வேலை மீது எனக்கு முதலிலிருந்தே ஒரு ஆசை இருந்தது.

வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருந்த அவளுடைய மகள் அங்கேயே இறந்துபோனாள். பெட்டி வந்தது. ஆணியடித்து மூடிய பெட்டி, திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து பாக்கியத்தின் வாயைப் பார்த்தார்கள். ஒப்பாரி என்பது முகத்தைப் பார்த்துப் பாடுவது. மூடிக்கு என்ன பாடுவது? ஊரில் எல்லோருக்கும் பாடியவள் தன் மகளுக்கு ஒரு வரி பாடாமல் அடக்கம் முடிந்தது. அதற்குப் பிறகு அவள் வேலைக்குப் போகவில்லை, சாப்பிடவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். கணவன் முருகேசு கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டுதான் கிளினிக்குக்கு வந்தார்.

மருந்து வேலை செய்தது. எழுந்தாள், சாப்பிட்டாள், பழையபடி காலையில் பெரட்டில் மற்றவர்களோடு வரிசையில் நின்று பெயர் கொடுத்து, மலைக்குக் கொழுந்து எடுக்கப் போனாள். நாங்கள் எங்கள் முதுகை நாங்களே தட்டிக்கொண்டிருந்த ஒரு கிளினிக் நாளில், பெரிய டாக்டரின் மூன்று கேள்விகளுக்கும் ஆமாங்க, ஆமாங்க, ஆமாங்க என்று சொல்லிவிட்டு நான்காவதாக ஒன்றை அவளே சொன்னாள்.

"அழுகை வரமாட்டேங்குதுங்க."

"நல்லதுதானே தாயி?" என்றார் டாக்டர்.

"என்னாங்க நல்லது? எழவு வீட்டுல போயி கல்லு மாதிரி ஒக்காந்திருக்கேன். சனமெல்லாம் என் வாயப் பாக்குது. கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி வரல. அழுகை வந்தாத்தானேங்க பாட்டு வரும்?"

அழுகையை நிறுத்துங்கள் என்று வருபவர்களைத்தான் நாங்கள் பார்த்திருக்கிறோம். அழுகையைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஒருத்தி வந்து நின்றது அன்றுதான். அந்த மாத்திரை சிலருக்குத் துக்கத்தோடு கண்ணீரையும் சேர்த்து அடக்கிவிடும், இது தெரிந்த விஷயம்தான். ஆனால் வாப்பாவின் மகளாகிய நான் வேறு சேலையைத் தேடிக்கொண்டிருந்தேன். மகளை நினைத்துச் சொல்கிறாள், அதைப் பாட்டு என்கிறாள் என்று நினைத்தேன். உண்மையில் அவள் கேட்டது பாட்டைத்தான். டாக்டர் இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றார்.

அந்த மழைக்காலத்தில் ரோட்டில் மண் சரிந்து எங்கள் வேன் போக முடியாமல் போனது. மாத்திரை தீர்ந்த சில நாட்களில் பாக்கியத்துக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவள் அதைக் கவனித்து வைத்துக்கொண்டாள். எங்களிடம் சொல்லவில்லை.

தோட்டத்தில் ராமையா என்றொரு பெரியவர் இருந்தார். பல காலம் கோயில் கமிட்டித் தலைவர். பாக்கியத்துக்கு மாமா முறை. தன் சாவுக்குப் பாக்கியம்தான் பாட வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தவர். அவர் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தார். இன்றோ நாளையோ என்று சொந்தக்காரர்கள் வந்து கூடிவிட்டார்கள். பாக்கியம் ஒரு கணக்குப் போட்டாள். மாமா போகும்போது கண்ணீர் தயாராக இருக்க வேண்டுமென்றால் மாத்திரையை இப்போதே நிறுத்த வேண்டும். நிறுத்தினாள். முருகேசுவுக்குத் தெரியாமல் இருக்க, தினமும் அட்டையிலிருந்து மாத்திரையை எடுத்து மலையில் தேயிலைச் செடியடியில் போட்டாள்.

பாக்கியம் தயார். ராமையாதான் தயாராகவில்லை. ஒரு நாள் காலையில் எழுந்து கஞ்சி கேட்டார். அடுத்த நாள் ரொட்டி கேட்டார். அதற்கடுத்த நாள் தன் சேவலுக்கு யாரும் தீனி போடவில்லை என்று வாசலில் நின்று சத்தம் போட்டார். வந்த சொந்தக்காரர்கள் கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் பஸ் ஏறியிருப்பார்கள். அவர் தேறத் தேறப் பாக்கியம் சரிந்துகொண்டே போனாள். மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்தாள். சாப்பாடு நின்றது. ஒரு நாள் முருகேசுவிடம், "நான் புள்ளகிட்டயே போயிர்றேன், நீங்க சமாளிச்சுக்குவீங்க" என்றாள். அவர் அன்றே அவளைப் பதுளைக்குக் கொண்டுவந்து வார்டில் சேர்த்தார். நல்ல மனிதர், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கவில்லை.

வார்டில் அவளைக் கண்ணிலிருந்து விலகாமல் பார்த்துக்கொண்டோம். மெல்லத் தேறினாள். தேறிய பிறகுதான் தேயிலைச் செடி விவகாரத்தை வாய்விட்டுச் சொன்னாள். எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. செத்திருக்கக்கூடியவள் என்பது நினைவுக்கு வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. பெரிய டாக்டர் அவளைத் திட்டவில்லை. அளவைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாம், ஆனால் நிறுத்தவே கூடாது என்றார்.

"அப்ப எழவுக்கு?" என்று கேட்டாள் பாக்கியம்.

டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். "அழாம பாட முடியாதா தாயி?"

பாக்கியம் என் பக்கம் திரும்பினாள். இந்த மனிதருக்கு யார் படிப்புக் கொடுத்தது என்று அந்தப் பார்வை கேட்டது.

தீர்த்து வைத்தவர் ராமையாதான். பிரஷர் கிளினிக்குக்காகப் பசறையிலிருந்து பஸ் பிடித்து வந்தவர், மருமகளை வார்டில் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தார். விஷயத்தைக் கேட்டார். தனக்காகத்தான் இவ்வளவும் என்று தெரிந்ததும் அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"அதுக்கென்னா? இப்பவே பாடிப் பாரு. நான்தான் இருக்கேனே."

"உசிரோட இருக்கிற ஆளுக்கா? வீட்டுல அத்தை என்னை வெட்டிப் போட்டுருவாங்க மாமா."

"வீட்டுலதான் பாடக்கூடாது. ஆஸ்பத்திரில என்னா தீட்டு?"

வார்டுக்குப் பின்னால் துணி காயப் போடும் இடத்தில் ஒரு பெஞ்சு உண்டு. அதில் ராமையா சால்வையைப் போர்த்திக்கொண்டு, கண்ணை மூடி, செத்தவர் மாதிரியே உட்கார்ந்தார். பாக்கியம் எதிரே தரையில் உட்கார்ந்தாள். நான் ஒரு பக்கம், பெரிய டாக்டர் சுவரோரம். போர்வைகளை மடித்துக்கொண்டிருந்த சிங்கள அட்டெண்டன்ட் அம்மா என்ன நடக்கிறதென்று புரியாமல் நின்றார்.

முதல் வரி வரச் சற்று நேரம் எடுத்தது. பிறகு வந்தது. மழையில் கோயில் கூரை பறந்த நாளில் ராமையா சாமிக்குக் குடை பிடித்து நின்றது, பெண்டாட்டிக்குத் தெரியாமல் மிட்டாய் தின்றது, எல்லாம் வந்தன. பாக்கியத்தின் கண் காய்ந்தே இருந்தது. அதனால் குரல் எங்கேயும் உடையவில்லை, ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. நடுவில் திரும்பிப் பார்த்தால் அட்டெண்டன்ட் அம்மா போர்வையில் முகம் புதைத்து அழுகிறார். அவருக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. செத்தவரும் தேம்பிக்கொண்டிருந்தார். டாக்டரின் கண்ணாடி அவர் கையில் இருந்தது, ஆனால் துடைத்தது கண்ணாடியை அல்ல.

பாக்கியம் பாட்டை நிறுத்திவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "எனக்கு வரவே இல்லியே மிஸ்" என்றாள் ஆச்சரியத்தோடு.

ராமையா மூக்கைச் சிந்தினார். "பாட்டு சரி. ஆனா என் சேவலப் பத்தி ஒரு வார்த்த இல்லியே?"

"சேத்துக்கிறேன் மாமா." அவள் அவருடைய சால்வையை இழுத்துச் சரிசெய்தாள். "மாமா, அங்க போனா எம் புள்ளயப் பாப்பீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. "பாக்காம? என்னா சொல்லணும்?"

 அவள் கொடியில் தொங்கிய போர்வைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியல மாமா. யோசிச்சுச் சொல்றேன்."

"நிதானமா யோசி. எனக்கு அவசரமில்ல."

சொன்னபடியே அவர் அவசரப்படவில்லை. அடுத்த வருடத் தேரையும் பார்த்தார். ஒவ்வொரு கிளினிக்குக்கும் ஊன்றுகோலோடு வந்து, இந்தச் சங்கதியைச் சேர், மூத்த மருமகனைப் பற்றி அவ்வளவு நல்லதாகச் சொல்லாதே என்று திருத்தம் கொடுப்பார். பாக்கியம் மாத்திரையை விடாமல் குடித்தாள். வெற்று அட்டைகளை எனக்குக் காட்டிவிட்டு, "தேயிலைக்குப் போடல மிஸ்" என்பாள். ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது, "என்னா, யோசிச்சிட்டியா?" என்று கேட்பார். இன்னும் இல்லை என்று தலையாட்டுவாள். எனக்கு அந்தத் தலையாட்டலைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு ராமையா காலமானார். மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். வெளியே தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே பெண்கள் சுற்றி உட்கார்ந்து பாக்கியத்தின் வாயைப் பார்த்தார்கள். அவள் அவர் முகத்தைப் பார்த்து எடுத்தாள். குடை வந்தது, மிட்டாய் வந்தது, சேவல் இரண்டு முறை வந்தது. மருமகனைப் பற்றியும் அவர் கேட்டபடியே அளவாகத்தான் வந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்து நான் எழப்போனேன். பாக்கியம் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"மல தாண்டிப் போறவரே – எங்க மாமா
மழைக்கு முன்ன சேந்திருங்க
பொட்டியில போன புள்ள – அங்க
பொடவ கட்டி நின்னாக்கா
மொகம் பாக்க முடியாம – நான்
மூடி மேல சாஞ்சதெல்லாம்
சொல்ல வேணாம் சொல்ல வேணாம் – அவ
சோறு தின்னாளான்னு மட்டும்
கேட்டு வைங்க எங்க மாமா."

பெண்கள் ஒரேயடியாக உடைந்தார்கள். ராமையாவுக்காக அழுதுகொண்டிருந்தவர்கள், அன்று ஒப்பாரி இல்லாமல் போன அந்தப் பிள்ளைக்காகவும் சேர்த்து அழுதார்கள். முருகேசு வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாக்கியம் மட்டும் காய்ந்த கண்ணோடு, அந்தக் கடைசி வரியைத் தெளிவாக இன்னொரு முறை பாடி முடித்தாள். எனக்கு எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. லயத்து வாசல் படியில் உட்கார்ந்து, உம்மா பார்த்திருந்தால் கண்ணாலேயே அடக்கியிருப்பார், அப்படி அழுதேன்.

பாக்கியம் இரண்டு கோப்பைகளில் சாயத்தண்ணி, பால் விடாத தேநீர், எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்றை என்னிடம் நீட்டினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தன் மாத்திரையை எடுத்து வாயில் போட்டு, ஒரு மடக்குக் குடித்தாள். பிறகு என் முகத்தை நன்றாக உற்றுப் பார்த்தாள்.

"என்னா தாயி," என்றாள், அப்படியே பெரிய டாக்டரின் குரலில். "நல்லா தூங்குறீங்களா? சாப்புடுறீங்களா? வேலைக்குப் போறீங்களா?"

"வேலை இந்த மாசத்தோட முடியுது பாக்கியம்" என்றேன் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"அப்பிடீங்களா?" முந்தானை முடிச்சை மறுபடி அவிழ்த்தாள். "அப்ப ஒண்ணு குடுக்கட்டுங்களா மிஸ்?"